இருபத்துமூன்று கட்டங்கள்

தேவிகாபுரம்
4 மார்ச் 2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் என்று நினைக்க வேண்டாம். நான்தான் எழுதுகிறேன், இடது கையால். இங்கே வந்த மூன்று வாரமாகத் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். நிவேதாவின் ஒன்றாம் வகுப்பு நோட்டு மாதிரி இருக்கிறது. வலது கை பேனாவைப் பிடிக்கிறது, ஐந்தாவது வரி வந்ததும் மணிக்கட்டு எரியத் தொடங்கிவிடுகிறது.

நீங்கள் போன் செய்வது தெரியும். லோகநாதன் அண்ணன் போனிலும் கூப்பிட்டுப் பார்க்கிறீர்கள். நான் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் 'சசி' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவீர்கள், நான் பேச வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். பத்து வருஷமாக அதுதான் நடக்கிறது. அதனால் இனிமேல் தபால். நீங்களும் எழுதுங்கள். எழுதியதை மறுநாள் 'நான் அப்படிச் சொல்லலையே' என்று மாற்ற முடியாது.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை அண்ணன் என்னை வேலூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். புது எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைந்த இடத்தில் எலும்பு சரிந்து, சரிந்த மாதிரியே ஒட்டிக்கொண்டுவிட்டதாம். உள்ளங்கை மேல்பக்கம் திரும்பாததற்கு அதுதான் காரணம்.

"இந்தக் கையால என்னென்ன செய்ய முடியலம்மா?" என்று டாக்டர் கேட்டார். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதனால் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். முகம் கழுவ இரண்டு கையாலும் சேர்த்துத் தண்ணீர் அள்ள முடியாது. சோற்றைப் பிசைய முடியும், வாய்க்குக் கொண்டுபோகும்போது கை கவிழ்ந்தே இருப்பதால் பாதி மடியில் விழும். இப்போது இடது கையில் ஸ்பூன். துணி பிழிய முடியாது. ரவிக்கைக் கொக்கியை அண்ணி மாட்டிவிடுகிறாள், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பேச்சோடு. பஸ்ஸில் கண்டக்டர் தரும் சில்லறை உள்ளங்கையில் நிற்காமல் சரிந்து ஓடுகிறது. கோவிலில் குருக்கள் விபூதி கொடுக்க வந்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றேன். "கைய ஒழுங்கா நீட்டும்மா" என்றார். இதுதான் ஒழுங்கு என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நிவேதாவுக்குத் தலை பின்ன முடியாது. அதை டாக்டரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று விட்டுவிட்டேன்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதாம். ஒட்டிய எலும்பை மறுபடி வெட்டி, நேராக்கி, தகடு வைக்க வேண்டும். மே மாதத்துக்குள் செய்தால் பலன் உண்டு, தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்துவிடும் என்றார். செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம், காப்பீட்டு அட்டையில் வருகிறது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் ஆரணி ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய சீட்டைப் படித்தார். அதில் 'மூன்றாவது வாரத்தில் நோயாளி தானாகவே மாவுக்கட்டைக் கழற்றிவிட்டார்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு தடவை கழட்டினவங்க ரெண்டாவது தடவையும் கழட்டுவாங்க. நான் தகடு வெச்சு அனுப்பறேன், நீங்க மூணாவது வாரம் தறியில உக்காந்தா தகடு பிச்சிக்கும். வீட்டுக்காரரைக் கூட்டிகினு வாங்க. அவர் பொறுப்பு ஏத்துக்கட்டும், அப்புறம் தேதி சொல்றேன்" என்றார்.

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். பொய் உங்களுடையது, அதை நீங்கள் வந்துதான் திருத்த வேண்டும். டாக்டர் முன்னால் உட்கார்ந்து மாவுக்கட்டை வெட்டியது யார் என்று சொல்லுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

சசிகலா

ஆரணி
11 மார்ச் 2025

அன்புள்ள சசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் தெருவில் நின்று என் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டதில் எதிர்வீட்டுத் தறி நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது? கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் நிவேதாவைப் பற்றி. நன்றாக இருக்கிறாள். தலை நான்தான் பின்னிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் வகிடு கோணலாகிறது, பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம். முதல் நாள் என் பின்னல் பத்து மணிக்கே அவிழ்ந்துவிட்டது. இப்போது இழுத்துப் பின்னுகிறேன். "அப்பா, இது பாவு இல்ல, முடி" என்று கத்துகிறாள்.

எனக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகத் தறிக்குழியில் இறங்கி ஏற முடியவில்லை. சொன்னால் நீ நம்பப் போவதில்லை. நீ போனதிலிருந்து கோர்வைப் புடவை எடுக்கவில்லை. உடலுக்கு நான் ஒரு நாடா ஓட்ட, கரைக்கு நீ ஒரு நாடா ஓட்ட என்று நெய்து பழகிவிட்டு, பக்கத்தில் வேறு ஆளை உட்கார வைத்தால் என் கை ஓடவில்லை. ஒற்றை ஆள் புடவையாக நெய்துகொண்டு காலத்தை ஓட்டுகிறேன்.

கட்டு கழன்ற விஷயம். அது நடந்து முடிந்தது சசி. அதைத் தோண்டி யாருக்கு என்ன லாபம்? டாக்டர்கள் அப்படித்தான் மிரட்டுவார்கள், இரண்டு தடவை போய் நின்றால் தேதி கொடுத்துவிடுவார்கள். உன் அண்ணன் படித்தவர், அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் ஆகாதா? இப்போது தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருக்கிறேன், பாதியில் விட்டு வர முடியாது.

இன்னொன்று. கண்ணமங்கலத்தில் ஒருவர் மூலிகை எண்ணெய் தருகிறாராம். தினம் இரண்டு வேளை உருவினால் எந்த மூட்டும் திரும்பும் என்கிறார்கள். வாங்கி அனுப்பட்டுமா?

நீ வைத்தியத்துக்காக அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு மாதிரி யாரும் பேசவில்லை. அம்மா உன்னை விசாரித்தாள்.

ராஜவேலு

தேவிகாபுரம்
15 மார்ச் 2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

எண்ணெய் வேண்டாம். எலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது என்று எழுதுகிறேன், நீங்கள் எண்ணெய் அனுப்பட்டுமா என்கிறீர்கள்.

கட்டு கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. ஒருவேளை நிஜமாகவே மறந்திருப்பீர்கள். அதனால் நடந்ததை நானே வரிசையாக எழுதுகிறேன், படியுங்கள்.

ஐப்பசி மழையில் பின்கட்டுப் படி பாசி பிடித்திருந்தது. வழுக்கியதும் கையை ஊன்றினேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நிவேதா ஸ்கெட்ச் பேனாவால் என் கட்டின் மேல் காலண்டர் மாதிரிக் கட்டம் போட்டாள். வரிசைக்கு ஏழு, ஆறு வரிசை, நாற்பத்திரண்டு கட்டம். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக் கூட இறக்காமல் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடுவாள்.

கார்த்திகையில் உங்கள் தங்கை சூர்யகலாவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நின்றது. என் இடத்தில் எதிர்வீட்டுச் சின்னப்பையன் பெண்டாட்டியை உட்கார வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு அத்தை என்ன சொன்னார்கள்? "நம்ம வூட்டுப் பொண்ணு முகூர்த்தப் பொடவையில வெளியாளு கை படலாமா? நானு கட்டிகினு வந்த பொடவ இந்த வூட்டுக் கைதான் நெய்ஞ்சிது." நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

அதனால் கட்டோடு உட்கார்ந்தேன். இடது கையால் நாடா போட்டு, வலது கையைச் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். பாவின் மேல் கட்டு உரசும் இடத்தில் எல்லாம் பட்டு சிக்கியது. மாவுக்கட்டு சொரசொரப்பு, பட்டு இழை மயிரிழை. பழைய பட்டுத் துணியைச் சுற்றிப் பார்த்தோம், துணி நழுவியது. முதல் நாள் பதினோரு இழை அறுந்தது, இரண்டாம் நாள் ஒன்பது. நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஒவ்வொரு இழையையும் வாயைத் திறக்காமல் முடிச்சுப் போட்டீர்கள், போட்டு முடித்ததும் ஒரு மூச்சு. அந்த மூச்சை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தறிமரத்தின் மேல் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ஒன்று வந்தது. யார் எடுத்து வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நானும் பார்த்தேன், அத்தையும் பார்த்தார்கள். நிவேதா கூட "இது எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் நீங்கள் வெட்டினீர்கள். "ஜல்தி முடிச்சிடலாம் சசி, ரெண்டு வாரம்தான், அப்புறம் வேற கட்டு போட்டுக்கலாம்" என்றீர்கள். நிவேதா சாயங்காலம் வந்து கட்டத்தில் பெருக்கல் குறி போட என் கையைத் தேடினாள்.

பன்னிரண்டு நாள் வீங்கிய கையோடு நெய்தேன். கல்யாணத்தில் அந்தப் புடவையைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இல்லை. கரையும் உடலும் சேரும் இடம் ஒரு பிசிறு இல்லாமல் இருக்கிறது என்று உங்கள் கையைக் குலுக்கினார்கள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். "அவளே கழட்டிட்டா சார்." அது இன்றைக்கும் சீட்டில் இருக்கிறது. மறுபடி கட்டு போடாமலே அனுப்பிவிட்டார்கள். பாவு ஏற்றியிருப்பதால் வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவையும் பாவுதான் ஏற்றியிருந்தது.

சசிகலா

ஆரணி
24 மார்ச் 2025

சசிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாவற்றையும் இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொண்டு எப்படி மூன்று மாதம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று தெரியவில்லை. அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாய், நிவேதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கூடச் சொல்லவில்லை.

நான் என்ன கொலையா செய்தேன்? அப்பா இருந்திருந்தால் அவர் நெய்திருப்பார். இல்லாததால் தங்கச்சிக்கு நான் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் புடவையைப் பார்க்க இரண்டு தடவை வந்தார்கள். வெளியில் வாங்கிக் கொடுத்தால் நெசவுக்கார வீட்டில் ஒரு புடவைக்கு வக்கில்லையா என்று கேட்டிருக்க மாட்டார்களா? நான் தனியாக நெய்து பார்த்தேன், கரை பல் பல்லாகத் தெரிந்தது. அவிழ்த்துவிட்டேன். உன் கை இல்லாமல் எனக்கு அந்தப் புடவை வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

மூன்று வாரத்தில் எலும்பு ஒட்டியிருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன். அம்மாவும் "எங்க காலத்துல யாரு மாவுக்கட்டு போட்டுகினு இருந்தா, பதினஞ்சு நாளு போதும்" என்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபித்துக்கொள். அன்றைக்கு நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை நீதான் நீட்டினாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிளேடை அங்கேயே போட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு என்ன சொல்ல? அந்த டாக்டர் "எவன்யா இதைக் கழட்டினது?" என்று கத்தினார். வரிசையில் நாற்பது பேர். அதில் நம் தெரு ஆட்கள் இரண்டு பேர். வாயில் அப்படி வந்துவிட்டது.

வருகிறேன். தேதியைச் சொல்.

ராஜவேலு

தேவிகாபுரம்
1 ஏப்ரல் 2025

நிவேதாவின் அப்பாவுக்கு,

ஏப்ரல் 9, புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு டாக்டர் உட்காருவார். நான் இங்கிருந்து முதல் பஸ் பிடித்து, ஆரணியில் மாறி வந்துவிடுவேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேட வேண்டாம். நேராக வேலூருக்கு வாருங்கள்.

கையை நான்தான் நீட்டினேன். உண்மை. அதை நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் போன கடிதத்தில் நானே அதை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் நீட்டினது மட்டும் இல்லை, "வெட்டுங்க" என்றும் சொன்னேன். அது உங்களுக்கு ஞாபகம் இல்லை போல. இருந்திருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

மூன்று நாள் அந்த பிளேடு கண்ணெதிரே கிடக்க, உங்கள் மூச்சு ஒரு பக்கம், அத்தையின் முகம் ஒரு பக்கம். அந்த வீட்டில் எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். கடைசியில் நானே சொல்லும்படி ஆயிற்று. அந்த வார்த்தைக்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு, அதை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டு போனதற்கு நாம் இரண்டு பேரும் பொறுப்பு.

ஆனால் டாக்டரிடம் சொன்னது நீங்கள் மட்டும்தான். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்ச பொம்பளையா நீ?" என்று டாக்டர் கேட்டார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கை வலி குறைகிற நாள் உண்டு, அது குறைவதில்லை.

ஒன்பதாம் தேதி.

சசிகலா

தேவிகாபுரம்
10 ஏப்ரல் 2025

சூர்யகலாவின் அண்ணனுக்கு,

நேற்று காலை எட்டரையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் "வீட்டுக்காரர் வந்துகினு இருக்கார்" என்றேன். நான்காவது தடவை கூப்பிடவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

சசிகலா

ஆரணி
19 ஏப்ரல் 2025

சசி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கிளம்பவில்லை என்று நினைக்காதே. ஆறரைக்கே பஸ் ஏறினேன். நிவேதா தலையைப் பின்னிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். டிக்கெட் வேலூருக்குத்தான் எடுத்தேன். வழி முழுக்க டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'சார், கட்டை வெட்டினது நான்தான்.' ஐந்து வார்த்தை கூட இல்லை. கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. இறங்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ், அடுத்த பஸ் என்று ஐந்து வேலூர் பஸ் போனது. ஒவ்வொன்றிலும் ஏறத்தான் எழுந்தேன். நீ அங்கே உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். உன் பேரைக் கூப்பிடுவார்கள் என்றும் தெரியும். மறுபடி ஒரு டாக்டர், மறுபடி 'எவன்யா' என்று ஒரு கேள்வி. என் கால் ஏறவில்லை. பதினொன்றரைக்கு ஆரணி பஸ் பிடித்துத் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தேன். வந்ததும் வராததுமாக அம்மா "இன்னா சொன்னாரு டாக்டரு?" என்றாள். தேதி சொல்லவில்லை என்றேன். அவளிடமும் பொய்.

நேரில் என்னால் சொல்ல முடியவில்லை. நீ எழுத்தில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டாய். எழுதுகிறேன்.

என் மனைவி சசிகலாவின் வலது கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பத்தொன்பதாம் நாள் ஆக்சா பிளேடால் வெட்டி எடுத்தது நான், ராஜவேலு. பிளேடை மூன்று நாள் தறிமரத்தின் மேல் வைத்ததும் நான்தான். அவள் எடுக்கட்டும், அவளே சொல்லட்டும் என்றுதான் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அவளே கழற்றினாள் என்று நான் சொன்னது பொய். பயத்தில் சொன்னேன். அவள் சொன்ன பேச்சு கேட்காதவள் இல்லை. வீட்டில் எல்லோருடைய பேச்சையும் கேட்டதால்தான் அவள் கை இப்படி ஆனது.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லவில்லை. அந்த மாவுக்கட்டை நான் எறியவில்லை. இரண்டு துண்டாகத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். குப்பையில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். நிவேதா போட்ட கட்டங்கள் கண்ணில் பட்டன. பிளேடு கடைசி வரிசையில் சில கட்டங்களுக்கு நடுவில் போயிருக்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அவை முழுசாகத் தெரிகின்றன. அப்போது பத்தொன்பதாவது கட்டத்தில் குறி இல்லை. அவள் வருவதற்குள் வெட்டிவிட்டேன், அதனால் பதினெட்டுதான் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் அவளே பரணில் அதைக் கண்டுபிடித்து, பத்தொன்பதையும் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்ப வைத்துவிட்டாள். நான் தறியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவு விட்டதும் சூர்யகலா நிவேதாவை உன்னிடம் கொண்டுவந்து விடுவாள். சூர்யகலாவுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். என் பின்னல் இப்போது நன்றாக வருகிறது. நீ பார்.

ராஜவேலு

வேலூர்
18 மே 2025

உங்களுக்கு,

இதைப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன், இடது கையால்தான். எழுத்து முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று நிவேதா சொல்கிறாள்.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார், கண்ணமங்கலம் டீக்கடை உட்பட. படித்து முடித்து மடித்து, என் ஃபைலில் பழைய சீட்டுக்குப் பின்னால் வைத்தார். "இவர் வர வேணாம், தேதி எழுதிக்கோங்க" என்று நர்ஸிடம் சொன்னார். இத்தனை நாள் நீங்கள் வந்து சொன்னால்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டார்கள். வீட்டுக்காரர் இல்லை என்றேன். "நீங்க போட்டா போதும்மா, உங்க கைதானே" என்றாள் அந்த நர்ஸ், ரொம்பச் சாதாரணமாக. இடது கையால் போட்டேன்.

பதினாறாம் தேதி ஆபரேஷன் ஆயிற்று. எலும்பை வெட்டி நேராக்கி, தகடும் ஆறு திருகாணியும் வைத்திருக்கிறார்கள். மறுபடி மாவுக்கட்டு, மறுபடி ஆறு வாரம். அதற்குப் பிறகு மூன்று மாதம் பயிற்சி. உள்ளங்கை முழுசாகத் திரும்பாதாம், முக்கால் திரும்பினால் பெரிது என்றார். தறிக்கு ஆகுமா என்று கேட்டேன். "இப்போதைக்கு அதைக் கேக்காதீங்க" என்றார். கேட்டதே தப்பு என்று எனக்கும் பிறகு தோன்றியது. முதலில் நான் இந்தக் கையால் சாப்பிட வேண்டும், முகம் கழுவ வேண்டும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போடுவது அதற்கெல்லாம் பிறகு. போடாமலே கூடப் போகலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

சூர்யகலா நிவேதாவை விட வந்தாள். என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு யாருமே சொல்லல அண்ணி. அந்தப் பொடவைய இனிமே நான் கட்டமாட்டேன்" என்றாள். கட்டிக்கொள் என்றேன். அது நல்ல புடவை, அதில் ஒரு குறையும் கிடையாது.

உங்கள் கடிதம் எனக்குச் சந்தோஷம் கொடுத்தது என்று எழுத மாட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால், அந்த வரிசையில், அந்த நாற்பது பேர் முன்னால் ஒரே ஒரு வார்த்தையாக வந்திருந்தால் எனக்கு அது போதும். அன்றைக்கே வேறு கட்டு போட்டிருப்பார்களோ என்னவோ. அந்தக் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் உங்களோடு என்னால் ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது. அதனால் கேட்காமல் வைத்திருக்கிறேன். நான் உங்களுக்காகச் செய்திருப்பது இது ஒன்று.

நிவேதா புதுக் கட்டின் மேல் நாற்பத்திரண்டு கட்டம் போட்டுவிட்டாள். இந்த முறை பெருக்கல் குறியை நானே போடுகிறேன். அவள் வந்த அன்றைக்கே பின்னலைப் பார்த்தேன். இறுக்கமாக, நேராக இருந்தது. யார் பின்னியது என்று அண்ணி கேட்டாள், அவள் அப்பா என்று சொன்னேன்.

வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இப்போது வர வேண்டாம். பரண் மேல் இருக்கும் பழைய மாவுக்கட்டை எடுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துத் தறிமரத்தின் மேல் வையுங்கள், அந்த பிளேடு கிடந்த அதே இடத்தில். அத்தையும் பார்க்கட்டும். அதில் இன்னும் இருபத்துமூன்று கட்டம் வெறுமையாக இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக நீங்கள் குறி போடுங்கள். மறந்துவிட்டு இரண்டு நாளைச் சேர்த்துப் போடக் கூடாது.

இருபத்துமூன்றும் முடிந்த மறுநாள் தேவிகாபுரத்துக்கு வாருங்கள். ஒரு நாள் முன்னால் வந்தாலும் நான் வெளியே வர மாட்டேன்.

சசிகலா